நன்கொடைப் பட்டியலில் தொகை இடம் மாறுவது ஏன்?

கோயில் திருவிழா மலரானாலும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரானாலும் நன்கொடையாளர் பட்டியல் கட்டாயம் இடம்பெறும். எக்செல்லில் சரியாக இருந்த அந்தப் பட்டியல் அச்சுக்கோப்பில் குழம்பிவிடுவதுண்டு. 1,250 ரிங்கிட் கொடுத்தவரின் பெயருக்கு நேராக ‘1’ என்று விழும். ‘250’ அடுத்துள்ள ரசீது எண் கட்டத்துக்குப் போய்விடும். மலர் அச்சாகி வீடு வீடாகப் போன பிறகு அதைத் திருத்த முடியாது. கொடுத்தவர் மனம் நோகும், செயலவையினரின் கணக்கின் மீதும் சந்தேகம் எழும்.

காரணம் ஒரு காற்புள்ளிதான். பட்டியலை ‘சிஎஸ்வி’ கோப்பாகச் சேமித்தால், கட்டங்களுக்கு இடையே கோடு இருக்காது; காற்புள்ளியே பிரிப்பானாக நிற்கும். ஆனால், தொகையிலும் காற்புள்ளி உண்டு. ‘எண் 12, ஜாலான் மாவார், தாமான் மெலாத்தி’ என்ற முகவரியிலும் உண்டு. எது பிரிப்பான், எது எழுத்தின் பகுதி என்பது கணினிக்குத் தெரியாது.

இதற்கான பொது வழக்கம் 2005-இல் ‘ஆர்எஃப்சி 4180’ என்ற ஆவணத்தில் எழுதிவைக்கப்பட்டது. காற்புள்ளி உள்ள கட்டம் முழுவதையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும்:

"எண் 12, ஜாலான் மாவார்","1,250.00",0457

கட்டத்துக்குள்ளேயே இரட்டை மேற்கோள்குறி வந்தால், அதை இருமுறை இட வேண்டும். எக்செல் சேமிக்கும்போது இவற்றைத் தானே செய்துவிடும். ஆனால், கோப்பைப் படிக்கும் எல்லா மென்பொருளும் இந்த விதியை மதிப்பதில்லை.

மலர் தயாரிப்போர் செய்ய வேண்டியவை:

1. தொகைகளைக் காற்புள்ளி இல்லாமல் 1250.00 என வைத்திருங்கள். அச்சுக்கு முன் கடைசியாகச் சேர்க்கலாம்.

2. முகவரியை ஒரே வரியில் எழுதுங்கள். கட்டத்துக்குள் வரி உடைந்தால் வரிசையும் உடையக்கூடும்.

3. முகவரிகளில் காற்புள்ளி இருந்தால், பிரிப்பானாக ‘டேப்’ பயன்படுத்துங்கள். எக்செல்லில் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் கட்டங்களுக்கு இடையே டேப் தானாக விழும். அதை வேர்டில் அட்டவணையாக மாற்றும்போதும் பிரிப்பானாக டேப்பையே தேர்ந்தெடுங்கள்.

4. சிஎஸ்வி தேவைப்பட்டால் ‘யூடிஎஃப்-8’ வகையில் சேமியுங்கள். இல்லையேல் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

5. அச்சுக்கு அனுப்பும் முன் தொகைகளைக் கூட்டி ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை ஒத்துவந்தாலும் சில பெயர்களையாவது ரசீதோடு நேரில் சரிபாருங்கள்.