நாடியும் நாழிகையும்

வைத்தியன் நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்தவுடனே அவன் கையைப் பற்றிவிடக் கூடாது. முகமலர்ச்சியோடு அருகில் அமர்ந்து, தேக நிலையை விசாரித்து, அவனுக்கு ஏதேனும் அச்சமிருந்தால் நயமான வார்த்தைகளால் அதைப் போக்கி, அதன் பிறகே மணிக்கட்டில் விரலை வைக்க வேண்டும் என்று கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமாபுரி ஆசிரியர் செல்ஸஸ் தம் வைத்திய நூலில் அறிவுரை கூறியிருக்கிறார். குளியல், தேகப் பயிற்சி, அச்சம், சினம் ஆகிய எதுவும் நாடியை மாற்றிவிடும்; அவ்வளவு ஏன், வைத்தியர் வந்துவிட்டார், என்ன சொல்லப் போகிறாரோ என்ற கலக்கமே அதை விரைவுபடுத்திவிடும் என்பது அவர் கண்ட உண்மை. நம் சித்த வைத்தியர்களும் உண்ட உடனும், எண்ணெய் ஸ்நானம் செய்த உடனும், நடந்து களைத்து வந்த உடனும் நாடி பார்ப்பதில்லை. ஆக, தேகத்தின் உழைப்பும் மனத்தின் சலனமும் நாடியில் தெரியும் என்பது புராதனமான ஞானமே. ஆனால் அந்நாளைய வைத்தியர் பலருக்கு அது நோயின் சொரூபத்தை மறைக்கும் இடையூறாக மட்டுமே தோன்றிற்று.

அவர்கள் நாடியை எண்ணவில்லை. அதன் நடையைக் கவனித்தார்கள். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம் என்று வகுத்துக்கொண்ட நம் மரபு, வாத நாடியை அன்னம், கோழி, மயில் ஆகியவற்றின் நடைக்கும், பித்த நாடியை ஆமை, அட்டையின் நடைக்கும், ஐய நாடியைத் தவளை, பாம்பின் நடைக்கும் ஒப்பிட்டது. கிரேக்கரும் மான் துள்ளுவது போன்ற நாடி, எறும்பு ஊர்வது போன்ற நாடி என்று பெயரிட்டு வழங்கினர். பல்லாண்டு பழகிய விரலுக்கு இவை துல்லியமான குறிப்புகளே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவர் விரல் அறிந்ததை இன்னொருவர் விரலிடம் ஒப்படைப்பதுதான் பெரும்பாடு. இந்தப் பொது வழக்கத்துக்கு விலக்காக நின்றவர், கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஹிரோபிலஸ். நாடியின் லயத்தைச் சங்கீதத்தின் தாளத்தோடும் செய்யுளின் சீரோடும் வைத்து ஆராய்ந்த அவர், வயதுக்குத் தக்கபடி திருத்தி அமைக்கக்கூடிய ஒரு நீர்க் கடிகாரத்தைக் காய்ச்சல்காரர்களிடம் கொண்டுசென்று, அந்நீர் வடிவதற்குள் நாடி இயல்பான அளவை எவ்வளவு மீறுகிறது என்று கணக்கிட்டார் எனப் பிற்கால ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குப் பின் அந்த உபாயத்தை எடுத்தாள நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை.

இடையூறாகக் கருதப்பட்ட சலனத்தையே சான்றாக்கிக்கொண்ட பெருமை கிரேக்க வைத்தியர் காலனைச் சாரும். ரோமாபுரியில் ஜஸ்டஸ் என்பவரின் மனைவி, காய்ச்சல் ஏதுமின்றி, இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டுகொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒருநாள் காலன் உடனிருக்கும்போது, நாடகசாலையிலிருந்து வந்த ஒருவர் அங்கே பிலாடிஸ் என்ற கூத்தன் ஆடுகிறான் என்று தற்செயலாகச் சொல்ல, அவள் முகத்தின் நிறம் மாறியது. உடனே மணிக்கட்டில் கை வைத்துப் பார்த்தபோது நாடி தாறுமாறாக ஓடிற்று. வேறொருவராயிருந்தால் அந்த நிமிஷமே முடிவைக் கூறிப் புகழ் தேடியிருப்பார். காலன் அவ்வாறு செய்யவில்லை. மறுநாள் தம் ஆள் ஒருவனை ஏவி, மார்பஸ் என்ற வேறொரு கூத்தன் ஆடுகிறான் என்று சொல்லச் செய்தார், நாடி அசையவில்லை. மூன்றாம் நாள் மற்றொரு கூத்தன் பெயர் சொல்லப்பட்டது, அப்போதும் அசையவில்லை. நான்காம் நாள் மீண்டும் பிலாடிஸின் பெயர் ஒலித்தது; நாடி முன்போலவே நிலைகுலைந்தது. காதலுக்கென்றே தனி நாடி ஒன்று உண்டென நம்பியவர்களை அவர் பரிகசித்திருக்கிறார்; மனம் கலங்கியிருக்கிறது என்பதை மட்டுமே நாடி சொல்லும், எதனால் கலங்கிற்று என்பதை வைத்தியன்தான் தன் சூழ்ச்சியால் கண்டறிய வேண்டும் என்பது அவர் கட்சி. இச்சம்பவத்தை எழுதியவர் காலனே என்பதால், அதில் சற்றே சுயப்புகழ்ச்சியும் கலந்திருக்கக்கூடும். கலந்திருந்தாலும் சோதனையின் செம்மைக்குக் குறைவில்லை. பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனாவும் இதே வழியை விரித்து, காதல் நோயாளியின் நாடியில் விரல் வைத்தபடி ஊர்ப் பெயர்களையும் தெருப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால், நாடி எங்கே துள்ளுகிறதோ அங்கே விடை இருக்கும் என்று எழுதினார்.

நாடியை அளவுக்குள் கொண்டுவரும் எண்ணம் 1450-இல் கூசா நகரத்து நிக்கோலஸ் என்னும் கத்தோலிக்கத் திருச்சபைக் கர்தினாலிடம் மீண்டும் தலைகாட்டிற்று. நூறு துடிப்பு முடிவதற்குள் நீர்க் கடிகாரத்திலிருந்து வடியும் நீரை நிறுத்து, இளைஞனுடையதையும் கிழவனுடையதையும், நோயாளியுடையதையும் சுகதேகியுடையதையும் ஒப்பிடலாமே என்றார் அவர். யோசனை யோசனையாகவே நின்றது. பாதுவா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த சாந்தோரியோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட நூலில்தான் வைத்தியருக்குப் பயன்படத்தக்க கருவி ஒன்று இடம்பெறுகிறது. ஆலயத்தில் ஆடிய விளக்கைத் தம் நாடியால் அளந்து கலிலியோ ஊசலின் இயல்பைக் கண்டார் என்ற கதையை அனைவரும் அறிவர். சாந்தோரியோ அதைத் தலைகீழாக்கி, ஊசலால் நாடியை அளந்தார். ஒரு நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, அதன் ஆட்டம் நோயாளியின் துடிப்போடு ஒன்றிப்போகும்வரை நூலை நீட்டியும் சுருக்கியும், ஒன்றிய இடத்தில் நூலின் நீளம் எவ்வளவு என்று அளவுகோலில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்றைய கணக்கில் சொன்னால், ஓர் ஆட்டத்துக்கு ஒரு துடிப்பாக, நிமிஷத்துக்கு 60 துடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நூல் வேண்டும். துடிப்பு 120 ஆக இரட்டித்தால் நூல் பாதியாவதில்லை, கால் மீட்டராகிவிடும். வேகத்தை எண்ணாமல் நீளமாகக் குறித்தார் என்பதே இதன் விசித்திரம். நொடி காட்டும் முள் கடிகாரத்தில் ஏறாத காலத்தில் அதைவிடச் சாமர்த்தியமான வழி வேறு இருந்ததாகத் தோன்றவில்லை.

நொடியை நம்பிய முதல் வைத்தியர் இங்கிலாந்தில் லிச்பீல்டு நகரத்து ஸர் ஜான் பிளாயர். தாமே ஆஸ்துமாவால் நெடுங்காலம் அவதியுற்றவர். அதைப் பற்றி நூலும் எழுதியவர். சாதாரணக் கடிகாரங்களையும், மாலுமிகள் பயன்படுத்தும் நிமிஷ மணற்கடிகையையும் வைத்து எண்ணிப் பார்த்துத் திருப்தியடையாமல், சரியாக 60 நொடி ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707-இல் அதைப் பற்றிய நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். வயது, உணவு, உழைப்பு, பருவம் என்று துடிப்பை மாற்றுபவை ஒவ்வொன்றையும் அவர் அட்டவணையாக்கினார். ஆனால் அந்த எண்களைக் கொண்டு அவர் செய்தது பழைய வைத்தியமே: துடிப்பு மிகுந்தால் உஷ்ணம், அதைத் தணிக்கும் பொருளைக் கொடு, குறைந்தால் சீதம், சூடேற்றும் பொருளைக் கொடு! சீனரின் நாடி சாஸ்திரத்தையும் அதே நூலில் சேர்த்துக்கொண்டார். கடிகாரம் கையில் வந்த பின்னும் சக வைத்தியர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை; துடிப்பை எண்ணுவது பொதுவழக்கமானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

அதற்குப் பின் காரியங்கள் வேகமாக நடந்தன. 1860-இல் பாரிஸில் மாரே, மணிக்கட்டின் மேல் ஒரு சிறு நெம்புகோலைப் பொருத்தி, புகைக்கரி படிந்த காகிதத்தில் நாடி தன்னைத்தானே எழுதிக்கொள்ளும்படி செய்தார். 1943-இல் ஹார்வர்டில் 20 அங்குல உயரப் படி ஒன்றில் நிமிஷத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிஷம் வரை ஏறி இறங்கச் செய்து, ஓய்ந்து உட்கார்ந்த பிறகு துடிப்பு எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதைக் கொண்டு தேகத் திறனை மதிப்பிட்டனர். உழைப்பில் எகிறுவது எல்லோர்க்கும் இயல்பு, பழகிய தேகம் விரைந்து அடங்கும் என்பதே இதன் தத்துவம். செல்ஸஸ் விலக்கச் சொன்ன கலக்கத்தை வலிய வரவழைத்துப் பார்ப்பது இது.

காலனின் சோதனைக்கும் வாரிசு ஏற்பட்டது. 1921-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸில் ஜான் லார்சன், விசாரிக்கப்படுபவரின் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒருங்கே பதிவுசெய்து பொய்யைக் கண்டறிய முயலும் கருவியை அமைத்தார். கலக்கம் அதில் பதிவாகும்; குற்றம் செய்தவன் கலக்கமா, குற்றம் சாட்டப்பட்டவன் கலக்கமா என்று அந்தக் கோடு சொல்லாது. மார்பஸின் பெயரைச் சொல்லிப் பார்க்கும் பொறுமை விசாரிப்பவரிடம் இருந்தாக வேண்டும். நம் நாட்டில், செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சம்மதமின்றி ஒருவரை இச்சோதனைக்கு உட்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று 2010 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்து உட்பட்டாலும் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாதென்றும், அதன் உதவியால் பிறகு கண்டெடுக்கப்படும் தடயத்தையே சட்டப்படி கவனிக்கலாமென்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.