கடல் கடந்த தேர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கடற்கரை நகராகிய போர்டிக்சனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் செழித்த தோட்டங்களின் முகம் ஒன்று. 1933ஆம் ஆண்டில் 25 இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் படைப்பிரிவு தோற்றுவிக்கப்பட்ட பாசறையின் முகம் மற்றொன்று. தோட்டமும் பாசறையும் அருகருகே அமைந்த இம்மண்ணில் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே பலகையின் முன் அமர்ந்து ஆடத்தக்க படை விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே சதுரங்கம்.

சதுரங்கம் என்பது நான்கு உறுப்புகளை உடையது எனப் பொருள்படும் வடசொல். தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படையே அவ்வுறுப்புகள். இந்தியாவில் கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் இவ்வாட்டம், அக்காலப் படையின் சிற்றுரு எனலாம். காய்களின் நடையிலும் அப்படையின் சாயல் உண்டு. தேர் நேர்க்கோட்டில் எத்தனை கட்டமும் விரையும்; ஆயின் எதனையும் தாண்டாது. குதிரை குறுக்கே நிற்பவரைத் தாண்டிச் செல்லும். காலாள் முன்னேறுவான், பின்வாங்க மாட்டான்.

இவற்றுள் நடை மிகவும் மாறுபட்ட காய் யானையே. ஒரு மரபில் அது மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும். 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவை ஆராய்ந்த அல்பிரூனி வேறொரு நடையைக் குறித்துள்ளார். மூலைவாட்டில் நான்கு திசைகளிலும் நேர் முன்னே ஒரு திசையிலும் அது ஒவ்வொரு கட்டம் செல்லும். நான்கு கால்களும் துதிக்கையும் சேர்ந்த ஐந்தை இந்நடை குறிக்கும் என்பது அவர் தரும் விளக்கம். மியன்மாரின் மரபு ஆட்டத்தில் யானை இன்றும் இவ்வாறே நடக்கிறது. ஐரோப்பாவிலோ 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்காய் மூலைவாட்டில் எத்தனை கட்டமும் செல்லும் உரிமை பெற்றது. ஒரு கட்டமே நகர்ந்த மந்திரியும் அரசியாகிப் பலகையிலேயே வலிமை மிக்க காயாயிற்று.

பெயரிலும் மயக்கம் உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் மூலையில் நிற்கும் காயை யானை என்பர். மலாய் மொழியிலோ யானையைக் குறிக்கும் ‘காஜா’ என்னும் பெயர், மூலைவாட்டில் செல்லும் காய்க்கு உரியது. ‘யானையை நகர்த்து’ என்று ஒருவர் கூறினால், கேட்பவர் வேறொரு காயைத் தொடக்கூடும். ஆகவே நடை விதியைத் தெளிவுறுத்த விரும்புவோர் முதற்கண் பெயரைத் தெளிவுறுத்தல் வேண்டும்.

சதுரங்கத்திலிருந்து கிளைத்த போர் விளையாட்டுகளும் இதே தேவையை உணர்ந்தன. செருமானியக் கணித ஆசிரியர் ஹெல்விக் 1780இல் சதுரங்கப் பலகையை விரித்துப் போர்க்களமாக்கினார். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களை நீக்கி, நிலப்படத்தின்மேல் படைகளை நகர்த்தும் முறையை வகுத்தார். ஐயம் எழுந்தால் தீர்க்க நடுவரையும் அமர்த்தினார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைப் படைவீரருள் காலாளுக்கு ஒரு முறைக்கு 1 அடி, குதிரை வீரனுக்கு 2 அடி என எல்லை வகுத்தார். எவர் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பது வரையறுக்கப்படாவிடில் ஆட்டம் பூசலில் முடியும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

இனி, மலாய்ச் சதுரங்கத்தின் பெயர்களை நோக்குவோம். ராஜா, மெந்திரி, காஜா ஆகியவை வடமொழி வழி வந்தவை. காலாளைக் குறிக்கும் ‘பீடாக்’ அரபு வழி வந்தது. மூலைக்காயின் பெயரோ ‘தெர்’ அல்லது ‘திர்’. அது நம் ‘தேர்’ என்னும் சொல்லே. வில்லியம் மார்ஸ்டன் தம் சுமத்திரா வரலாற்றின் 1811ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைத் தமிழ்ச்சொல் என்றே குறித்து, திருவிழாக்களில் இழுக்கப்பெறும் தேரையும் சுட்டுகிறார்.

இச்செய்தி போர்டிக்சன் வட்டாரத் தமிழ் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும். இந்நாட்டில் தமிழரின் வரலாறு பால்வெட்டும் கத்தியோடு தொடங்கியது என எண்ணுவோர் உளர். மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் எழுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, தமிழ்ச்சொல் ஒன்று மலாய்க்காரர் ஆடும் பலகையின் நான்கு மூலைகளிலும் நின்றிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு மலாக்காவில் வாணிகம் செய்த தமிழரை நினைவுகூர்வார்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், தேர் கடலில் செல்லாது என்னும் உண்மையை உவமையாக்கினார். மரத்தேருக்கு அவ்விதி என்றும் பொருந்தும். சொல்லாகிய தேரோ கடலைக் கடந்து வந்துவிட்டது. அடுத்த முறை மலாய் நண்பன் ‘திர்’ என்று கூறி அக்காயை நகர்த்தும்போது, எதிரே அமர்ந்த தமிழ் மாணவன் அது தன் பாட்டனார் வடம்பிடித்த தேர் என்பதை எடுத்துரைப்பானாக. அதனை அவனுக்கு அறிவுறுத்துவது தமிழாசிரியர் கடன்.