ராஜா கப்பலில் தைத்த பூப்போர்வை

சந்திப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் ராஜராஜன், ராஜேந்திரன் என்று யாராவது ஒரு ராஜா வருவது வழக்கம். இந்தக் கட்டுரையிலும் ஒரு ராஜா உண்டு. ஆனால் மன்னன் இல்லை, கப்பல். 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியப் பக்கம் போன பாய்மரக் கப்பல் ஒன்றின் பெயர் ‘ராஜா’. அதில் இருந்த பெண்கள் வழியெல்லாம் உட்கார்ந்து, கையாலேயே ஒரு பூப்போர்வை தைத்தார்கள். தங்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்தவர்களுக்கு நன்றிக் காணிக்கையாக. அந்தப் போர்வை இன்றும் இருக்கிறது.

“போர்வையில் என்ன சார் சரித்திரம்?” என்று கேட்கும் இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

முதலில் அந்தப் பெண்கள் யார் என்று பார்த்துவிடுவோம். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. அவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். கொலைகாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்தது திருட்டு. துணி, பாத்திரம், எஜமானியின் கைக்குட்டை, கொஞ்சம் காசு, இந்த மாதிரி. வீட்டு வேலைக்காரிகள்தான் அதிகம். தண்டனை ஏழு வருஷம், பத்து வருஷம். தண்டனை முடிந்தால் திரும்பி வரலாமே என்றால், வரலாம். ஆனால் வழிச்செலவை அரசாங்கம் கொடுக்காது. ஆகவே ஏழு வருஷம் என்பது பலருக்கு ஆயுசுக்கும் என்றே ஆயிற்று. ஊரை, அம்மாவை, சில சமயம் பெற்ற பிள்ளையை, துறைமுகத்தில் பார்த்ததுதான் கடைசி.

இந்தக் கதையில் எலிசபெத் ஃபிரை என்ற அம்மையார் வருகிறார். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் முதன்முதலாகப் போய், பெண்களும் குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்த நிலையைக் கண்ணால் பார்த்தார். 1817-இல் அவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். அடுத்த ஆண்டு ‘மரியா’ என்ற கப்பலில் 128 பெண்களை அனுப்பத் தயாரானபோது, இத்தனை மாதம் கடலில் சும்மா உட்கார்ந்து இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. வேலை வேண்டும், ஆனால் அதற்குச் செலவு ஆகக்கூடாது. அப்போது தோன்றிய யோசனைதான் ஒட்டுத்துணித் தையல். லண்டனில் இருந்த மான்செஸ்டர் துணி வியாபாரிகளிடம் போய், வெட்டி மீந்த வண்ணத் துண்டுகளைக் கேட்டு வாங்கினார்கள். கொஞ்சம் துணியில் நிறைய வேலை! தையல் தெரிந்த நம் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் பெண்கள், தாங்கள் தைத்த போர்வைகளை ஒன்று ஒரு கினி வீதம் விற்றார்கள் என்ற குறிப்பும் உண்டு. கைதிப் பெண்ணின் கையில் சொந்த உழைப்பில் ஒரு கினி. சும்மாவா?

பின்னாளில் கப்பல் ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சங்கத்தார் ஒரு பை கொடுத்தார்கள். அந்தப் பையில் என்னென்ன இருந்தது என்று பட்டியலே இருக்கிறது. எனக்குப் பிடித்த ஆவணங்களில் அது ஒன்று. 100 ஊசி. வெள்ளைத் தையல் நூல் உருண்டை நான்கு. கறுப்பு, நீலம், சிவப்பு ஒவ்வொன்று. வண்ண நூல் கண்டு 24. குண்டூசி, நாடா, கத்தரிக்கோல், விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பி, ஒரு பைபிள். இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம், ஒட்டுத்துணித் துண்டுகள். இதோடு ‘தேவைப்பட்டால் ஒரு மூக்குக்கண்ணாடி’! ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாத வயதான பெண்ணையும் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய சீர்திருத்தச் சட்டங்களைவிட இந்த ஒரு வரி எனக்கு அந்த அம்மையாரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இப்போது ராஜாவுக்கு வருவோம். 1841 ஏப்ரல் 5-ஆம் தேதி லண்டனை அடுத்த வுல்விச்சிலிருந்து கப்பல் கிளம்பியது. 180 பெண் கைதிகள், சிலருடைய குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சங்கத்தின் சார்பில் கெசியா ஹேய்ட்டர் என்ற இளம்பெண் உடன் போனார். போகும் இடம் வான் டீமன்ஸ் லாந்து. 1856-இல்தான் அதற்கு டாஸ்மேனியா என்று பெயர் மாறியது. ஜூலை 19-ஆம் தேதி ஹோபார்ட் சேர்ந்தார்கள். மொத்தம் 105 நாள்.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜூன் என்றால் நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். ஆனால் பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போய்விட்டால் ஜூனும் ஜூலையும் நடுக் குளிர்காலம். போர்வையில் தைத்திருக்கும் மாதம் ஜூன், 1841. அதாவது அவர்கள் இங்கிலாந்தின் வசந்தத்தில் தைக்க ஆரம்பித்து, தென்கடலின் குளிர்காலத்தில் முடித்திருக்கிறார்கள். பகல் குறுகிக்கொண்டே போகும். கப்பலின் கீழ்த்தளத்தில் இருட்டு. மேல்தளத்திலோ ஈரக்காற்று. விரல் மரத்துப் போனால் ஊசி பிடிக்க முடியாது என்பது ஊட்டி ஹாஸ்டலில் பட்டன் தைத்தவர்களுக்குக்கூடத் தெரியும். இவர்களோ ஆடுகிற கப்பலில் பூவின் விளிம்பைச் சுற்றித் தைத்தார்கள்.

போர்வையின் அளவு 325 சென்டிமீட்டருக்கு 337. நம் பழைய ஹாஸ்டல் அறையில் விரித்தால் தரை முழுக்க மூடிவிடும். மொத்தம் 2,815 துண்டுகள். நடுவில் வெள்ளைத் துணி. அதன்மேல் பூக்களும் பறவைகளும். அவை எம்பிராய்டரி இல்லை. பூப்போட்ட துணியிலிருந்து பூவை மட்டும் விளிம்போடு கத்தரித்து எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்து, ஓரம் மடித்து, கண்ணுக்குத் தெரியாத மாதிரி தைத்தது. அந்த நடுக்கட்டத்தைச் சுற்றி, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி, 12 வரிசைகள். சதுரமும் முக்கோணமுமான சின்னச் சின்னத் துண்டுகள். வெளி விளிம்பில் மறுபடியும் வெள்ளைத் துணி. மூன்று பக்கம் டெய்சிப் பூக்கள், நான்காவது பக்கம் பட்டு நூலால் கிராஸ் ஸ்டிச்சில் எழுத்து.

இதில் ஒரு வேடிக்கை. இதைக் ‘குவில்ட்’ என்று எல்லாரும் சொன்னாலும், சரியாகப் பார்த்தால் அது குவில்ட் இல்லை. குவில்ட் என்றால் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சோ கம்பளியோ வைத்துத் தைத்திருக்க வேண்டும். இதில் பஞ்சும் இல்லை, அடித்துணியும் இல்லை. குளிரில் உட்கார்ந்து தைத்த போர்வை. போர்த்திக்கொண்டால் குளிர் அடங்காது!

தையலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் சொல்வது: சில இடங்களில் தேர்ந்த கை, ஒரே சீரான நுண்ணிய தையல், சில இடங்களில் கோணல்மாணல், அன்றுதான் ஊசி பிடித்த கை. ஆங்காங்கே சிறு பழுப்புக் கறைகள். குத்திக்கொண்ட விரலின் ரத்தம் என்கிறார்கள். பல பேர் தைத்ததை ஒரு கை மாதிரி காட்ட யாரும் முயலவில்லை. அதற்காகவே எனக்கு இந்தப் போர்வை பிடிக்கும்.

அந்தப் பூக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் கரை வருகிறது. பூப்போட்ட அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் ‘சிண்ட்ஸ்’ என்று பெயர். நம் பாட்டிகள் ‘சீட்டித் துணி’, ‘சீட்டிப் பாவாடை’ என்பார்களே, அதே சொல்தான். இரண்டும் வடஇந்திய ‘சீண்ட்’டிலிருந்து வந்தவை. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு அது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் அந்த வியாபாரத்தின் ஊர்கள். துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து, படிகாரம் கலந்து கையால் கோடு வரைந்து, சாயவேரில் கொதிக்க வைத்தால் சிவப்பு. மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரியில் முக்கினால் நீலம். எத்தனை தடவை துவைத்தாலும் போகாத சாயம். ஐரோப்பியர்கள் அதற்கு முன் பார்த்திராத அதிசயம் அது.

அதிசயமாக விற்றதால் அங்கே நெசவாளர்கள் கூச்சல் போட்டார்கள். இங்கிலாந்து 1701 முதல் இந்த இறக்குமதிக்குத் தடை போட்டது. 1722 முதல் உடுத்தவும் கூடாது என்றது. 1774 வரை அந்தச் சட்டம் இருந்தது. அரிதாகிப் போன துணியில் ஒரு பூவைக்கூட வீணாக்க மனம் வருமா? கத்தரித்து, வேறு துணியில் ஒட்டித் தைத்துக் காப்பாற்றினார்கள். இங்கிலாந்தில் தப்பிப் பிழைத்திருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வை என்று சொல்லப்படும் லீவன்ஸ் ஹால் போர்வை, சுமார் 1708-ஐச் சேர்ந்தது. அதில் இருப்பது இந்தியச் சீட்டித் துண்டுகள். பிறகு 1783-இல் தாமஸ் பெல் என்பவர் உருளையால் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். நம் ஆட்கள் நாட்கணக்கில் கையால் வரைந்த பூவை உருளை நிமிஷத்தில் உருட்டித் தள்ளியது. ஆக, 1841-இல் கைதிப் பெண்களின் பைக்குள் ஓசியில் போடுகிற அளவுக்கு அந்தப் பூ மலிந்துவிட்டது. அதே காலத்தில் இங்கே நம் கரையில் தறிகள் ஓய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்களுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. அவர்கள் பாடு அவர்களுக்கு.

எழுத்துக்கு வருகிறேன். நான்காவது பக்கத்தில் தைத்திருப்பதன் சாரம் இது: கைதிக் கப்பல் குழுவின் சீமாட்டிகளுக்கு, ராஜா கப்பலின் கைதிகள் நன்றியுடன் அளிப்பது, உழைப்பாளிகளாக இருங்கள் என்று நீங்கள் சொன்ன புத்திமதியை நாங்கள் மறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. இந்த வாசகம் யாருடையது? படித்தவுடனே ஒரு வாடை அடிக்கிறதே! ஏழு வருஷம் நாடு கடத்தப்பட்ட வேலைக்காரப் பெண் தானாக இப்படிப் பேசுவாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஹேய்ட்டர் அம்மையார் எழுதிக் கொடுத்திருப்பார், அவர்கள் தைத்திருப்பார்கள் என்பதே என் எண்ணம். பட்டு எழுத்து மேலே இருப்பவர்களின் பேச்சு. 2,815 துண்டு கீழே இருப்பவர்களின் வேலை. நம் கோயில் கல்வெட்டுகளிலும் இதே கதைதானே? கட்டச் சொன்னவர் பெயர் முழு மெய்க்கீர்த்தியோடு இருக்கும். கல் சுமந்தவன் பெயர் அபூர்வம். இந்தப் போர்வையில் தைத்தவள் ஒருத்தியின் பெயர்கூட இல்லை.

நூறு வருஷம் கழித்து, 1942-இல் சிங்கப்பூரில், இதற்கு நேர் எதிரான போர்வைகள் தைக்கப்பட்டன. ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்த பெண்கள், கனடாக்காரரான எத்தல் முல்வனியின் யோசனைப்படி, ஆளுக்கு ஒரு சதுரத் துணியில் தன் பெயரையும் தனக்குத் தோன்றியதையும் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரம். காயம்பட்ட வீரர்களுக்கு அன்பளிப்பு என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அந்தப் பக்கம் அடைபட்டிருந்த கணவன்மார்கள் அந்தப் பெயர்களைப் பார்த்து, “இவள் உயிரோடு இருக்கிறாள்” என்று தெரிந்துகொள்வார்கள் என்பதே உள்நோக்கம். அங்கே பெயர்தான் பரிசு. ராஜா கப்பல் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெயரைத் தேடிப் பார்க்க அவர்களுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஹோபார்ட் சேர்ந்ததும் போர்வையை ஆளுநரின் மனைவி ஜேன் ஃபிராங்க்ளினிடம் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. வட துருவக் கடலில் வழி தேடப் போய்த் திரும்பாமலே போன ஜான் ஃபிராங்க்ளின்தான் அந்த ஆளுநர். கைதிப் பெண்கள் வீட்டு வேலைக்கும், தப்பு செய்தால் ‘பெண்கள் தொழிற்சாலை’ என்ற பெயரில் இருந்த சிறைக்கும் போனார்கள். கெசியா ஹேய்ட்டருக்கு மட்டும் கதை சுபம். கப்பல் தலைவர் சார்லஸ் ஃபெர்குசனோடு பயணத்திலேயே நிச்சயம் ஆகி, பிறகு கல்யாணமும் நடந்தது.

அதன் பிறகு போர்வையை எல்லாரும் மறந்துபோனார்கள். 1987-இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. 1989-இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கைதிக் கப்பல்களில் தைத்த எத்தனையோ போர்வைகளில் இன்று நமக்குத் தெரிய மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நம்மில் பலருக்குப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் கான்பெராவையும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் ஆண்டில் பெரும்பகுதி அதை இருட்டில்தான் வைத்திருக்கிறார்கள்.