உப்புக் காற்றில் ஒரு பேட்டரி: இராமேசுவரம் கடற்கரைப் படகுகளில் மின்சாரம் வந்த வரலாறு

பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில், சிறு படகுக்குள் மின்சாரம் நுழைந்தது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அதற்கு முன் வத்தையும் வல்லமும் பாய் விரித்து, வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் நம்பி ஓடின; இரவில் வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் அரிக்கேன் விளக்கே போதுமானதாக இருந்தது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காக அப்துல் கலாமின் தந்தை கட்டி, பின்னர் புயலில் பறிகொடுத்த மரப்படகும் அந்த வகையைச் சேர்ந்ததே. அத்தகைய படகில் பழுது என்றால் பாய் கிழியும், கயிறு அறும், பலகை இடுக்கில் நீர் கசியும். எல்லாமே கண்ணில் படுபவை, கையால் தொட்டுச் சரிசெய்யத் தக்கவை. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பழுது படகில் ஒளிந்திருக்க முடியும் என்பதை இக்கடற்கரை மின்சாரத்தோடு சேர்த்தே கற்றுக்கொண்டது.

1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே திட்டத்தின் வழியாகக் கேரளக் கரையில் வேரூன்றிய விசைப்படகுத் தொழில், அடுத்த பத்தாண்டுகளில் தமிழகக் கரைக்கும் பரவியது. தொடக்கத்தில் பொருத்தப்பட்ட சிறிய டீசல் இயந்திரங்கள் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பப்படுபவை என்பதால், அவற்றுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. பின்னர் லாரிகளுக்கென வடிவமைக்கப்பட்ட பெரிய இயந்திரங்கள் கடலுக்கேற்ப மாற்றப்பட்டு இழுவைப் படகுகளில் ஏறியபோது, கையால் சுழற்ற முடியாத அவற்றைக் கிளப்புவதற்கான ‘செல்ஃப்’ எனப்படும் மின்மோட்டாரும், அதற்கு உயிர் கொடுக்கும் பேட்டரியும், ஓடும்போது பேட்டரியை நிரப்பும் டைனமோவும் உடன் வந்தன. அவற்றோடு லாரிப் பட்டறையின் மின் அறிவும் கடலுக்கு வந்தது என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் எனலாம். ஏனெனில் அந்த அறிவில் பாதி கடலுக்குப் பொருந்தவில்லை.

லாரியில் பேட்டரியின் நேர்முனையிலிருந்து மட்டுமே ஒவ்வொரு விளக்குக்கும் ஒயர் செல்லும். மின்சாரம் திரும்பி வரும் பாதையாக வண்டியின் இரும்புச் சட்டமே அமைந்துவிடும். பட்டறையில் இதனை ‘எர்த்’ என்பார்கள். மரப்படகிலோ அத்தகைய சட்டம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் திரும்பும் ஒயர் ஒன்றையும் தனியே இழுத்தாக வேண்டும். அவ்வாறு செய்யாமல் இயந்திரத்தின் உடலையே எர்த்தாகக் கொண்டு, கண்ட இடத்தில் ஒயரைத் திருகி வைத்த படகுகளில், கசியும் மின்சாரம் ஈரப் பலகை வழியாகவும் விசிறியைச் சுழற்றும் தண்டின் வழியாகவும் கடல்நீருக்குள் இறங்கி, பேட்டரியை இரவோடு இரவாக வெறுமையாக்கியதோடு, நீருக்குள் இருக்கும் உலோகத்தையும் அரித்தது.

படகு மின்சாரத்தில் மிகுதியாக ஏமாற்றும் பழுது, பேட்டரி முனையில் உருவாகும் களிம்பு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு, படியும் இடத்திலெல்லாம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், செம்பு இழைகள் ஒயரின் மேலுறைக்குள்ளேயே கறுத்துப் போகின்றன. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூக்கிறது. இந்நிலையில் விளக்கைப் போட்டால் பளிச்சென எரியும். செல்ஃப் மட்டும் ‘டக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும். காரணம் எளிய கணக்கில் அடங்கும். களிம்பேறிய முனையின் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு என்று கொண்டால், ஓர் ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அங்கே வீணாவது 0.01 வோல்ட், 200 ஆம்பியர் இழுக்கும் செல்ஃபுக்கோ 2 வோல்ட். முழுதாக நிரம்பிய 12 வோல்ட் பேட்டரியின் அளவே ஏறத்தாழ 12.6 வோல்ட் என்பதால், இந்த இழப்பு மோட்டாரை முடக்கப் போதுமானது. பேட்டரி செத்துவிட்டதென்று புதியதை வாங்கி வைத்தாலும் பழுது அங்கேயேதான் இருக்கும். தேர்ந்த கைகள் இதற்குக் கருவி தேடுவதில்லை: செல்ஃபை ஒருமுறை இயக்கச் சொல்லிவிட்டு, இணைப்புகளை வரிசையாகத் தொட்டுப் பார்த்து, எது சூடாக இருக்கிறதோ அதனைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவிவிடுவார்கள். பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைக் கட்டிச் செய்த சோதனை விளக்கு, மின்சாரம் எந்த இடம் வரை வருகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டிவிடும்.

இந்தக் கரைக் காற்றின் அரிக்கும் தன்மையை அறிவியலும் ஆராய்ந்துள்ளது என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அன்றைய ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் அமைந்திருந்தது. அது மண்டபத்தில் அரிமான ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவி, உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் நிறுத்தி வைத்து, அவை தேயும் வேகத்தை அளந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தை இதே காற்றுதான் நூறாண்டுக் காலம் அரித்தது. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் இரயில்கள் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்துக்குச் செய்யப்பட்ட பூச்சுகளும் பராமரிப்பும் ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன. அதே காற்றோடு போராடிய படகு எலக்ட்ரீஷியன்களின் அனுபவத்தை எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை என்பது வருந்தத்தக்கது.

அரிப்பு காற்றோடு நிற்பதில்லை; கடல்நீருக்குள் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றினிடையே மின்சாரம் பாய்ந்து ஒன்று கரையும் என்பதை, 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க முனைந்த வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி விளக்கினார். துத்தநாகம் அல்லது இரும்புக் கட்டியை உடன் பொருத்தினால், செம்புக்குப் பதிலாக அந்தக் கட்டி கரைந்துவிடும் என்பது அவர் கண்ட வழி. தகடு காக்கப்பட்டது, ஆனால் செம்பு கரையாமற் போகவே சிப்பியும் பாசியும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது. சுக்கானிலும் தண்டிலும் துத்தநாகக் கட்டி பொருத்தும் இன்றைய வழக்கத்துக்கு அந்தச் சோதனையே தொடக்கம்.

1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் இந்திய–இலங்கைக் கடல் எல்லை வரையறுக்கப்பட்டு, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சேர்ந்தபின், இந்தக் குறுகிய கடலில் மின்பழுதுக்குப் புதியதொரு பொருள் ஏற்பட்டது. 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சைகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியபின், மலிந்துவந்த அக்கருவி படகுகளில் பரவி, நீரில் எழுதப்படாத எல்லைக்கோட்டைத் திரையில் காட்டலாயிற்று. ஆனால் அதுவும் பேட்டரியை நம்பியது. பேட்டரி இறங்கினால் இயந்திரம் கிளம்பாது, ஜி.பி.எஸ். அணையும், கரையோடு பேசும் வி.எச்.எஃப். கருவியும் ஓயும், நீரோட்டமோ படகை நகர்த்திக்கொண்டே இருக்கும். வேறு கரைகளில் ஓர் இரவு மீன்பாட்டை இழப்பதோடு முடியும் பழுது, இங்கே எல்லை தாண்டிய குற்றமாகவும் சிறைவாசமாகவும் மாறக்கூடும். களிம்பேறிய ஒரு முனையைச் சிறு பழுது என்று ஒதுக்க இக்கரையில் இடமில்லை.

இப்பழுதுகளைத் தீர்க்கும் பருவத்தை அரசாணையே அமைத்துக் கொடுத்தது. 2001 முதல் 45 நாளாக இருந்து, 2017-இல் 61 நாளாக நீட்டிக்கப்பட்ட மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி வைக்கிறது. தச்சரும் பெயின்டரும் மெக்கானிக்கும் வேலை பார்க்கும் அந்த வாரங்களில் ஒயர்களும் மாற்றப்படுகின்றன. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் உப்பைத் தாங்குமென்றாலும் விலை கூடுதல் என்பதால், சாதாரண லாரி ஒயரையே இழுத்துச் சில ஆண்டுகளில் மீண்டும் மாற்றும் வழக்கம் எளிதில் மறையவில்லை. தடைக்கு உட்படாத சிறு வல்லங்களில் பேட்டரி படகோடு தங்குவதே இல்லை. கரை சேர்ந்ததும் அதனைத் தூக்கிச் சென்று வீட்டில் சார்ஜ் போட்டு, மறுநாள் மீண்டும் கொண்டுவருவார்கள். சூரியத் தகடு பொருத்திய வல்லங்களில் இந்தச் சுமை குறைந்துள்ளது. ஆயினும் தகட்டிலிருந்து இறங்கும் ஒயரின் முனையை மாதந்தோறும் கழற்றித் துடைக்கும் வேலை அப்படியே தொடர்கிறது.