யான் டெர்லாவ்

யான் கார்னெலிஸ் டெர்லாவ் (15 நவம்பர் 1931 – 16 மே 2025) நெதர்லாந்து நாட்டின் இயற்பியலாளர், அரசியல் தலைவர், சிறார் எழுத்தாளர். துணைப் பிரதமர் பதவி வரை உயர்ந்தவர். ஆனால் அந்தப் பதவி அவருக்கு ஓராண்டுதான் நீடித்தது; 1971, 1972 ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த அவருடைய இரண்டு சிறுவர் நாவல்களோ அரை நூற்றாண்டாக அச்சில் இருக்கின்றன.

ஓவரைசல் மாகாணத்தின் காம்பர்வேன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். ஃபேலுவே காட்டுப் பகுதியின் கிராமங்களில் பிள்ளைப்பருவம் கழிந்தது. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நாட்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு எட்டு வயது. போர் முடிந்தபோது பதின்மூன்று. 1944–45 குளிர்காலத்தில் மேற்கு நகரங்களில் உணவு தீர்ந்துபோய் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர். நகரத்து மக்கள் போர்வை, நகை, கைக்கடிகாரம் எனக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, டயரில்லாத சைக்கிளை உருட்டியபடி, உருளைக்கிழங்குக்காகக் கிழக்கே நடந்தார்கள். அவர்கள் நடந்துவந்த வட்டாரம்தான் டெர்லாவ் வளர்ந்த ஊர்ப்புறம்.

உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். 1958 முதல் 1971 வரை அணுக்கரு இணைவு ஆய்வில் இருந்தார். உட்ரெக்டுக்கு அருகே ரைன்ஹாய்சன் என்ற பழைய மாளிகையின் வளாகத்தில் இயங்கிய பிளாஸ்மா இயற்பியல் நிலையமே அவருடைய பணியிடம். இடையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் சுவீடனின் ஸ்டாக்ஹோமிலும் பணியாற்றினார். சூரியனுக்குள் நடப்பதைப் போல இலேசான அணுக்கருக்களை இணையவைத்து ஆற்றல் எடுக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் கனவு. கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் பிளாஸ்மாவை எந்தப் பாத்திரமும் தாங்காது என்பதால் காந்தப்புலத்தால் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். கனவு இன்னும் மின்நிலையமாகவில்லை. அதற்குள் டெர்லாவ் அரசியலுக்குப் போய்விட்டார்.

டி66 கட்சி 1966இல் தொடங்கியது. பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது போன்ற ஆட்சிமுறைச் சீர்திருத்தங்கள் அதன் முழக்கம். மறு ஆண்டே அதில் சேர்ந்த டெர்லாவ், உட்ரெக்ட் நகர மன்றம் வழியாக 1971இல் நாடாளுமன்றக் கீழவைக்கு வந்து, 1973இல் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவரானார். அப்போது 150 இடங்கள் கொண்ட அவையில் கட்சிக்கு இருந்தவை ஆறு. அடுத்த ஆண்டு மாகாணத் தேர்தல்களில் விழுந்த அடிக்குப் பிறகு கட்சியையே கலைத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அடுத்த தேர்தலில் கட்சிக்குத் தலைமை ஏற்க டெர்லாவ் ஒரு நிபந்தனை வைத்தார்: 66,666 பேரின் கையெழுத்து வேண்டும். கட்சியின் பெயரிலுள்ள எண்ணையே நீட்டிவைத்த குறும்பு இது. கையெழுத்துகள் சேர்ந்தன. 1977இல் எட்டு இடங்கள், 1981இல் பதினேழு. ஆட்சிமுறைச் சீர்திருத்தத்தோடு நின்றிருந்த கட்சியைச் சுற்றுச்சூழல், எரிசக்தி, தொழில்நுட்பம் பக்கம் திருப்பியது அவருடைய பங்கு.

1981 செப்டம்பரில் துணைப் பிரதமரும் பொருளாதார அமைச்சருமானார். கிறித்தவ ஜனநாயகர், தொழிற்கட்சி, டி66 மூன்றும் சேர்ந்த அந்தக் கூட்டணி தொடக்கத்திலிருந்தே பொருந்தாத வண்டி. வேலைவாய்ப்புச் செலவு பற்றிய சண்டையில் 1982 மே மாதம் தொழிற்கட்சி வெளியேறியது. டி66 கிறித்தவ ஜனநாயகருடன் காபந்து அரசில் தங்கியது. வாக்காளர்கள் அதை மன்னிக்கவில்லை. செப்டம்பர் தேர்தலில் பதினேழு மறுபடி ஆறானது. டெர்லாவ் தலைமையிலிருந்து விலகினார். பின்னர் பாரிஸில் ஐரோப்பியப் போக்குவரத்து அமைச்சர்கள் மாநாட்டின் பொதுச்செயலர் (1983–91), கெல்டர்லாந்து மாகாணத்தில் அரசியின் ஆணையர் (1991–96), மேலவை உறுப்பினர் (1999–2003) என்று பொறுப்புகள் தொடர்ந்தன. அவற்றைச் சொல்லிக் கடந்துவிடலாம், புத்தகங்களுக்கு வருவோம்.

‘கட்டோரன் அரசன்’ (1971) ஒரு தேவதைக் கதையின் சட்டகத்தில் எழுதிய அரசியல் கேலி. அரசன் இறந்த இரவில் பிறந்த ஸ்டாக் என்னும் பையன் பதினேழு வயதில் அமைச்சர்களிடம் போய், நான் அரசனாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். அரசனே இல்லாமல் பதினேழு ஆண்டுகள் சுகமாக ஆண்டுவிட்ட அந்தப் பெரிய மனிதர்கள், முடியவே முடியாத ஏழு வேலைகளைத் தருகிறார்கள். டெசிபெல் என்ற ஊரில் காது கிழியக் கத்தும் பறவைகளை அடக்க வேண்டும். ஸ்மோக் என்ற ஊரில் காற்றைக் கெடுக்கும் டிராகனைக் கொல்ல வேண்டும். இன்னோர் ஊரில் பல சபைகளின் தேவாலயங்கள் தாமாகவே நகர்ந்து வீடுகளை நசுக்குகின்றன. வாப்பன்ஃபெல்ட் என்ற ஊரில் ஒரு மாதுளை மரம். டச்சு மொழியில் மாதுளைக்கும் கையெறிகுண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அதன் பழங்கள் வெடிக்கின்றன. அந்தப் பெயரில் ஃபேலுவேயில் உண்மையாகவே ஒரு கிராமம் உண்டு. ‘ஆயுத வயல்’ என்று பொருள்படும் பெயர் ஆசிரியரை விட்டிருக்காது. ஒலி மாசு, புகை, ஆயுதப் போட்டி, சபைச் சண்டை என்று பெரியவர்களின் நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரல் முழுவதும் பத்து வயதுக்காரரின் கையில் கதையாகக் கிடைக்கிறது.

‘போர்க்காலக் குளிர்’ (1972) இதற்கு நேர் எதிரான நூல், கேலி கிடையாது. பதினாறு வயதை நெருங்கும், ஊராட்சித் தலைவரின் மகன் மிகீலுக்குக் காட்டில் பதுங்கியிருக்கும் காயமுற்ற ஆங்கிலேய விமானியைக் காக்க நேர்கிறது. இரவுதோறும் பசியோடு வரும் வழிப்போக்கர்களால் அவன் வீடு நிரம்பி வழிகிறது. எதிரியின் கையாள் என்று அவன் சந்தேகித்த ஆள் யூதர்களை ஒளித்துவைத்திருக்கிறார். உயிராக நம்பிய ‘மாமா’ காட்டிக்கொடுப்பவராக இருக்கிறார். சிறுவர் போர்க்கதைகளில் நல்லவர் கெட்டவர் கோடு தெளிவாக இருப்பதே வழக்கம். டெர்லாவ் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, யாரை நம்புவது என்ற கேள்வியைப் பையனிடமே விட்டுவிட்டார். இரண்டு நாவல்களும் டச்சுச் சிறார் இலக்கியத்தின் ‘தங்கப் பலப்பம்’ விருதை அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்றன. இரண்டாவது நூலை மார்ட்டின் கூல்ஹோவன் 2008இல் திரைப்படமாக்கினார்.

கட்சித் தலைவராக இருந்தபோதே வெளிவந்தது ‘ஊஸ்டர்ஸ்கெல்டே, காற்றின் வேகம் 10’ (1976). 1953 பிப்ரவரி வெள்ளத்தில் 1,836 பேர் இறந்த தென்மேற்குக் கரையில், ஊஸ்டர்ஸ்கெல்டே கடற்கழியை அணைகட்டி முழுவதும் மூடுவதா, மீனும் சிப்பியும் பிழைக்கத் திறந்துவைப்பதா என்ற வழக்கை ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் விவாதித்துக்கொண்டிருந்த விஷயத்தை அதன் உறுப்பினரே பிள்ளைகளுக்கு எழுதியது விசித்திரம்தான். வெள்ள இரவின் பக்கங்கள் பதறவைப்பவை. பின்பாதியில் அரசியல்வாதி எட்டிப் பார்க்கிறார். இறுதியில் 62 எஃகுக் கதவுகள் கொண்ட தடுப்பு கட்டப்பட்டு 1986இல் திறக்கப்பட்டது. சாதாரண நாளில் கதவுகள் திறந்திருக்கும், புயலில் மூடும்.

பிற்காலத்தில் மகள் சன்னேயுடன் சேர்ந்து துப்பறியும் கதைகளும் எழுதினார். 2016 நவம்பர் கடைசியில், எண்பத்தைந்து வயதில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் ஆற்றிய சில நிமிட உரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. தான் இளம் பிள்ளைகளோடு குடியிருந்த தெருவில், கதவின் தபால் துளை வழியே ஒரு கயிறு வெளியே தொங்கும். வெளியிலிருந்து இழுத்தால் தாழ் திறக்கும். தன் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் கேட்காமலே உள்ளே வருவார்கள். அந்தக் கயிறுகள் எங்கே போயின என்று கேட்டுவிட்டு, அரசியல்வாதிகளையும் மக்களையும் ஒருவரையொருவர் மீண்டும் நம்பச் சொன்னார். பருவநிலையைக் காக்கும்படி மன்றாடினார். ‘தபால் துளைக் கயிறு’ என்பது டச்சு அரசியல் பேச்சில் அன்றிலிருந்து நம்பிக்கைக்கு வழங்கும் பெயர்.