பக்தாதின் வீடுகள் சொல்லும் வரலாறு

  

2003 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆம் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக்கின் மீது போர் தொடுத்தபோது நான் பாடசாலை மாணவன். இஷாத் தொழுகை முடிந்ததும் வாப்பா வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்துவிடுவார். ஜும்ஆவில் இமாம் அவர்கள் ஈராக் மக்களுக்காகக் கையேந்தியபோது பள்ளிவாசல் முழுவதும் விம்மி அழுத காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

பின்னர் அரபுக் கல்லூரியில் சேர்ந்து வேறொரு பக்தாதை அறிந்துகொண்டேன். கலீஃபா அல்-மன்ஸூர் ஹிஜ்ரி 145 இல், அதாவது கி.பி. 762 இல், 'மதீனதுஸ் ஸலாம்' என்ற பெயரில் அடித்தளமிட்ட நகரம் அது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அடக்கம் பெற்றிருக்கும் மண் அது. இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், பிற்காலத்தில் எகிப்துக்குச் செல்லுமுன் தமது பழைய கருத்துக்களைக் கற்பித்த ஊரும் அதுவே. 1258 இல் ஹுலாகுவின் படை அந்நகரைச் சூறையாடியதையும் வகுப்பறையில் கண்கலங்கப் படித்தோம்.

ஒரு பக்தாத் எனக்குக் கண்ணீரைத் தந்தது. மற்றொரு பக்தாத் பெருமையைத் தந்தது. ஆயினும் அவ்விரண்டிலும் மனிதர்களை நான் காணவில்லை என்பதை வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன். குண்டு விழுந்த இரவில் அங்கிருந்த ஒரு தாய் தன் பிள்ளைகளை எந்த அறையில் உறங்க வைத்தாள்? மறுநாள் தண்ணீருக்கு எங்கே போனாள்? இக்கேள்விகளை நான் கேட்டதில்லை. இன்று உங்களோடு சேர்ந்து அவற்றைக் கேட்க விரும்புகிறேன்.

ஒரு செய்தி வந்தால், இதைக் கண்டவர் யார், கேட்டவர் யார் என்று விசாரிப்பது நம் முன்னோரான ஹதீஸ் கலை இமாம்களின் வழக்கம். போரைப் பற்றித் தளபதிகளும் அமைச்சர்களும் நிறையப் பேசினார்கள். ஆனால் கண்டவர்கள் அந்த வீடுகளில் இருந்தவர்களே. மின்சாரம் வந்த சொற்ப நேரத்தில் அமர்ந்து, தம் அன்றாட வாழ்வைப் பெயர் மறைத்து எழுதி வைத்தவர்கள் அவர்களுள் இருந்தனர். போருக்குப் பின் தொழிலை இழந்த ஓர் இளம்பெண்ணின் அத்தகைய குறிப்புகள் 2005 இல் நூலாகவும் வெளிவந்தன. அத்தகையோரின் சாட்சியத்தோடு அந்நாட்டு வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் நமக்குப் பல உண்மைகள் புலப்படும்.

முதலில், துன்பம் 2003 இல் தொடங்கவில்லை. 1980 முதல் 1988 வரை ஈரானோடு நடந்த போரில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் மாண்டனர். அப்போரின் இறுதி ஆண்டில், மார்ச் 16 ஆம் திகதி, ஸதாம் ஹுஸைனின் அரசு தன் சொந்தக் குடிமக்களாகிய ஹலப்ஜா நகரக் குர்திஷ் முஸ்லிம்கள் மீது நச்சு வாயுவை வீசியது. ஏறத்தாழ 5,000 பேர் உயிரிழந்தனர்.

1990 ஆகஸ்ட் மாதத்தில் ஸதாமின் படை குவைத்தைக் கைப்பற்றியதும் ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடையை விதித்தது. அன்றிலிருந்து ஈராக்கியக் குடும்பத்தின் வாழ்வு ஒரு கூப்பன் அட்டையில் தங்கியிருந்தது. மா, அரிசி, சீனி, தேயிலை, எண்ணெய், சவர்க்காரம் ஆகியவை மாதந்தோறும் அவ்வப்பகுதிக் கடைக்காரர் மூலம் பங்கிடப்பட்டன. பணம் மதிப்பிழந்தது. ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளம் சில டொலர்களுக்குள் அடங்கிப்போயிற்று. பக்தாதின் முதநப்பி வீதியில் வெள்ளிக்கிழமைகளில் கூடும் புத்தகச் சந்தையைப் பற்றி அரபு இலக்கியம் கற்றோர் அறிவர். பேராசிரியர்களும் ஆசிரியர்களும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அவ்வீதியில் பரப்பி விற்றது அந்தக் காலத்தில்தான்.

1991 இல் குவைத்தை மீட்பதற்காக நடந்த போரில் மின் நிலையங்கள் தாக்கப்பட்டன. மின்சாரம் நின்றதும் தண்ணீர் இறைக்கும் நிலையங்களும் கழிவுநீர் நிலையங்களும் நின்றன. தடையின் காரணமாக உதிரிப்பாகங்களும் எளிதில் கிடைக்கவில்லை. குண்டில் தப்பிய குழந்தைகள் அசுத்த நீரால் நோயுற்றனர். அவ்வாண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி அதிகாலையில், பக்தாதின் ஆமிரிய்யாப் பகுதியில் பொதுமக்கள் உறங்கிக்கொண்டிருந்த பாதுகாப்பு நிலவறையின் மீது இரண்டு குண்டுகள் வீழ்ந்தன. முதலாவது குண்டு கொங்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அத்துளை வழியே உள்ளே சென்று வெடித்தது. 400 இற்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களுமே. அதை இராணுவக் கட்டளை நிலையம் எனக் கருதியதாக அமெரிக்கா கூறியது. பாதுகாப்பானது என்று நம்பித் தாய்மார் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற இடம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அன்பர்களே! இதனால்தான் 2003 இல் போர் நெருங்கியபோது பக்தாத் மக்கள் தாம் செய்ய வேண்டியதை நன்கறிந்திருந்தனர். யன்னல் கண்ணாடிகளில் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினர். வீட்டிலுள்ள பானை, பீப்பா எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பினர். சிலர் வீட்டுத் தோட்டத்திலேயே கிணறு தோண்டினர். அப்போது நாட்டு மக்களில் ஏறத்தாழ 60 சதவீதமானோர் அந்தக் கூப்பன் பங்கீட்டையே முற்றாக நம்பியிருந்தனர். ஆகவே வரும் மாதங்களுக்கான பங்கும் முற்கூட்டியே வழங்கப்பட்டது.

ஏப்ரல் 9 ஆம் திகதி பக்தாத் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் தேசிய அரும்பொருட்சாலை கொள்ளையிடப்பட்டது. தேசிய நூலகம் எரிந்தது. மே மாதத்தில் ஈராக்கிய இராணுவம் கலைக்கப்பட்டதால், இலட்சக்கணக்கான வீடுகளில் உழைத்துக்கொடுத்த மகனோ தந்தையோ ஒரே நாளில் வேலையற்றவராயினார்.

பின்னர் வந்த கோடைக் காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பக்தாதின் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். மின்சாரம் சில மணி நேரமே வரும். அந்நேரத்தில் தண்ணீர் மோட்டரை இயக்கிக் கூரைமேலுள்ள தாங்கியை நிரப்ப வேண்டும்; துணி துவைக்க வேண்டும்; குளிர்சாதனப் பெட்டியைக் குளிர்விக்க வேண்டும். நடுநிசியில் மின்சாரம் வந்தால் வீடு முழுவதும் எழுந்து வேலை செய்யும். இந்நிலையில் தெருவுக்குத் தெரு ஒருவர் பெரிய ஜெனரேட்டரை வைத்து, வீடுகளுக்கு வயர் இழுத்து, அம்பியர் கணக்கில் மின்சாரம் விற்கும் தொழில் வளர்ந்தது. எத்தனை அம்பியர் வாங்குகிறார் என்பதைக் கொண்டே ஒருவரின் வசதியை அறியலாம் என்ற நிலை உண்டாயிற்று.

கோடை இரவுகளில் மொட்டைமாடியில் உறங்குவது அம்மக்களின் பழைய வழக்கம். திசை தவறி வரும் துப்பாக்கிச் சன்னங்களுக்கு அஞ்சி அதையும் பலர் கைவிட்டனர். பூமிக்கடியில் எண்ணெய்க் கடலையே கொண்ட நாட்டில், பெற்றோலுக்காக வாகனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. பக்தாதின் இரவு நேர ஊரடங்குச் சட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்து, 2015 பெப்ரவரியில்தான் நீக்கப்பட்டது. அந்நாட்களில் பிறந்த குழந்தைகள், இரவுத் தெரு என்றால் என்னவென்று அறியாமலே வளர்ந்தனர்.

இதுவரை சொன்னவற்றுட் பெரும்பகுதி அந்நியரின் குண்டுகளாலும் தடைகளாலும் வந்தது. அதை நம் மிம்பர்கள் சொல்லின. சொல்ல வேண்டியதும் கடமையே. ஆனால் இனி நான் சொல்லப்போவதை நாம் குறைவாகவே சொன்னோம். அந்தக் குறைக்கு நானும் விதிவிலக்கல்லன்.

2006 பெப்ரவரி 22 ஆம் திகதி ஸாமர்ரா நகரில் ஷீஆக்கள் புனிதமாகக் கருதும் இமாம்களின் அடக்கத்தலத்தின் பொற்கூரை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பின் ஸுன்னி, ஷீஆ என்ற பெயரால் நடந்த கொலைகள் பக்தாதின் தெருக்களை நிறைத்தன. ஒரே வீட்டில் தந்தை ஸுன்னியாகவும் தாய் ஷீஆவாகவும் இருப்பது அந்நாட்டில் சாதாரணமாக இருந்தது. அந்நாட்டில்தான், ஆயுதக் குழுக்கள் வீதியை மறித்து அடையாள அட்டையைக் கேட்டன. உமர் என்ற பெயர் ஒரு தெருவில் மரணமாயிற்று. அலி என்ற பெயர் மற்றொரு தெருவில் மரணமாயிற்று. ஈருயிராய் இருந்து இஸ்லாத்தைக் காத்த இரு பெரும் ஸஹாபாக்களின் பெயர்கள் அவை! தாய்மார் தம் மக்களின் பைகளில் இரண்டு அடையாள அட்டைகளை வைத்து அனுப்பினர். எந்தச் சோதனைச் சாவடியில் எதைக் காட்ட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தனர். பல பகுதிகளைக் கொங்கிரீட் மதில்கள் பிரித்தன.

2007 மார்ச் 5 ஆம் திகதி அதே முதநப்பி வீதியில் கார்க் குண்டு வெடித்தது. நூல்களோடு மனிதர்களும் எரிந்தனர். அவ்வீதியின் பழைய தேநீர்க்கடை உரிமையாளர் தம் நான்கு புதல்வர்களையும் ஒரு பேரனையும் அன்று இழந்தார். ஆயினும் அவர் கடையை மீண்டும் திறந்தார். 2010 அக்டோபரில் பக்தாதின் தேவாலயமொன்றில் வழிபட்டுக்கொண்டிருந்த கிறிஸ்தவர்கள் உட்பட 50 இற்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். 2016 இல், ரமழானின் இறுதி இரவுகளில் ஒன்றில், கர்ராதாப் பகுதியில் பெருநாளை முன்னிட்டுக் கடைவீதிக்கு வந்திருந்த குடும்பங்களின் நடுவே குண்டு வெடித்து 300 இற்கும் அதிகமானோர் மாண்டனர். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஐ.எஸ். அமைப்பு அதற்கு உரிமை கோரியது. இவற்றை எந்த நாவால் நாம் நியாயப்படுத்துவது?

2003 முதல் அமெரிக்கப் படை வெளியேறிய 2011 டிசம்பர் வரை, பெயர்களும் சம்பவங்களும் பதிவான அளவிலேயே ஒரு இலட்சத்திற்கும் அதிகமான பொதுமக்கள் உயிரிழந்தனர். 2007 அளவில் சுமார் 20 இலட்சம் ஈராக்கியர் நாட்டைவிட்டு வெளியேறி, பெரும்பாலும் சிரியாவிலும் ஜோர்தானிலும் தங்கியிருந்தனர்.

அன்பின் இளைஞர்களே! இந்த வரலாற்றிலிருந்து ஒரேயொரு நாளை உங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளுமாறு கேட்கிறேன். அது 2005 ஆகஸ்ட் 31 ஆம் திகதி. தஜ்லா நதியின் ஒரு கரையில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பள்ளிவாசல் அமைந்த அஃழமிய்யா இருக்கிறது. அது ஸுன்னிகளின் பகுதி. மறுகரையில் இமாம் மூஸா அல்-காழிம் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் அமைந்த காழிமிய்யா இருக்கிறது. அது ஷீஆக்களின் பகுதி. இரண்டையும் இணைக்கும் பாலத்திற்கு 'இமாம்களின் பாலம்' என்றே பெயர். அன்று பெருந்திரளான ஷீஆ யாத்திரிகர்கள் அப்பாலத்தில் சென்றுகொண்டிருந்தபோது, கூட்டத்தில் தற்கொலைக் குண்டுதாரி இருக்கிறான் என்றொரு பேச்சுப் பரவியது. நெரிசலில் மிதிபட்டும், நதியில் வீழ்ந்தும் ஆயிரம் பேரளவில் மாண்டனர். அப்பாலத்தில் அன்று எந்தக் குண்டும் வெடிக்கவில்லை. ஒரு வதந்தி மட்டுமே வெடித்தது.

அவ்வேளை அஃழமிய்யாவின் இளைஞர்கள் நதியில் குதித்தனர். அவர்களுள் உஸ்மான் என்பவரும் ஒருவர். மூழ்கிக்கொண்டிருந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கரைசேர்த்தார். அவர்களின் பெயரென்ன, மத்ஹபென்ன என்று அவர் கேட்கவில்லை. மீண்டும் மீண்டும் நீந்திச் சென்றவர் கடைசியில் களைத்து அந்நதியிலேயே உயிரிழந்தார். அவரை இன்றும் இரு கரையாரும் நினைவுகூர்கின்றனர்.

அப்பாலத்தில் இரு செயல்கள் நிகழ்ந்தன. ஒருவன் விசாரிக்காமல் ஒரு வார்த்தையைச் சொன்னான். மற்றொருவர் விசாரிக்காமல் கையை நீட்டினார். விசாரிக்க வேண்டிய இடம் எது, விசாரிக்காமல் விரைய வேண்டிய இடம் எது என்பதை அறிவதே மார்க்க விளக்கம். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நம்மைப் பணிக்கிறது. கைத்தொலைபேசிக்கு வந்த படம் எந்த நாட்டினது, எந்த ஆண்டினது என்று பாராமல் 'பகிருங்கள்' என்று அனுப்பும் இளைஞரே, அந்தப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துன்புறுவோருக்காக நாம் சொல்லும் ஒரு பொய், அவர்களின் ஆயிரம் உண்மைகளைச் சந்தேகத்திற்குள்ளாக்கிவிடும்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களே! பக்தாதில் அடையாள அட்டையைக் கேட்ட அந்த இளைஞர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்களல்லர். அவர்களும் யாரோ ஒரு தாயின் மடியில் வளர்ந்தவர்களே. சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து, மற்றொரு ஜமாஅத்தினரைப் பற்றியும் மற்றொரு சமயத்தவரைப் பற்றியும் நாம் இழிவாகப் பேசும் ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைகள் சேர்த்து வைக்கின்றனர். அமைதியான காலத்தில் அது வெறும் பேச்சு. நாடு குலைந்த காலத்தில் அதுவே வீதியை மறிக்கும் கயிறாக மாறும். போரைக் கண்ட இந்நாட்டில் இதனை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஈராக் மக்களுக்காக அழுத அந்தப் பள்ளிவாசலை நான் குறைகூறவில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது. இனி அழும்போது, நள்ளிரவில் தண்ணீர் நிரப்பிய அந்தத் தாயையும், மகனின் பையில் இரண்டு அட்டைகளை வைத்த அந்தத் தாயையும் சேர்த்தே நினைத்து அழுவோம்.

யா அல்லாஹ்! ஸலாமின் நகரத்திற்கு ஸலாமத்தை நிலைக்கச் செய்வாயாக! எங்கள் நாவுகளை வதந்தியிலிருந்தும், எங்கள் வீடுகளை வெறுப்பிலிருந்தும் காப்பாயாக! மூழ்குபவரைக் கண்டால் பெயர் கேளாது கைகொடுக்கும் பிள்ளைகளை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.