கட்சிக்காரரின் புகாரை யார் கேட்பது? வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் வரலாறு: ஆரணியிலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

ஆரணிப் பட்டு, முன்பணத்திலும் கடனிலும் நகரும் தொழில். பாவும் சரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளி, முன்பணம் வாங்கிய நெசவாளர், சேலையைக் கடனுக்கு எடுத்த வெளியூர்க் கடைக்காரர் என்று இவர்களுக்குள் பிணக்கு முற்றினால் பிராமிசரி நோட்டும் காசோலையும் கோர்ட்டுக்கு வந்துவிடும். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, கோர்ட் கட்டணத்தையும் ரொக்கமாகக் கொடுத்த பிறகு, வழக்கே தாக்கலாகவில்லை என்று தெரியவந்தால் அந்தக் கட்சிக்காரர் எங்கே போவார்?

இதற்கு விடையாக நிற்பது வழக்கறிஞர் மன்றத்தின் (பார் கவுன்சிலின்) ஒழுங்கு நடவடிக்கைக் குழு. ஒழுங்கு அதிகாரம் நீதிபதிகளிடமிருந்து வழக்கறிஞர்களிடம் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அந்தத் தன்னாட்சி நியாயமானது. ஆனால் கட்சிக்காரருக்கு விரைவான விசாரணை கிடைத்தால்தான் அது நிலைக்கும் என்பதே இதன் வாதம்.

நீதிபதியே விசாரணை அதிகாரி

1862இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, தன் அட்வகேட்டுகளையும் வக்கீல்களையும் இடைநீக்கவும் நீக்கவும் அரச சாசனமே அதிகாரம் தந்தது. வெளியூர்க் கோர்ட்டுகளின் ப்ளீடர்களுக்கு 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம் வந்தது. கீழ்நீதிமன்ற நீதிபதி புகாரை விசாரித்து, மாவட்ட நீதிபதி வழியாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார். அன்று ஆரணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 வரை மாவட்டத் தலைநகரம் சித்தூர், பிறகு வேலூர்.

ப்ளீடர் அன்றாடம் யார் முன் நின்று வாதாட வேண்டுமோ, அவரே அவரை விசாரிப்பவராகவும் இருந்தார். இந்த ஏற்பாட்டின் ஆபத்தைத் தமிழர் நன்கறிந்த வாழ்வொன்று காட்டுகிறது. 1908இல் ராஜத்துரோகத் தண்டனை பெற்ற வ.உ. சிதம்பரனார் தம் வக்கீல் சனதையும் இழந்தார். பின்னாளில் அது திரும்பக் கிடைக்க உதவியவர் ஈ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. நன்றி மறவாத வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அந்த நன்றி உயர்ந்தது. ஆனால் ஒருவரின் பிழைப்பு ஆட்சியாளரின் கோபத்தில் போய், ஒரு நீதிபதியின் நல்லெண்ணத்தில் திரும்புவது நல்ல முறையாகாது.

அரைவழியில் நின்ற தீர்ப்பாயம்

1926ஆம் ஆண்டின் இந்திய வழக்கறிஞர் மன்றச் சட்டம் முதன்முதலாகத் தொழில்காரர்களையே விசாரணையில் அமர்த்தியது. மன்ற உறுப்பினர்களில் மூவர் முதல் ஐவர் வரை தலைமை நீதிபதி நியமிக்க, அவர்கள் தீர்ப்பாயமாகக் கூடினார்கள். ஆனால் அவர்கள் தருவது விசாரணை முடிவு மட்டும். தண்டனை உயர் நீதிமன்றத்தின் கையிலேயே இருந்தது. இந்தச் சட்டம் உயர் நீதிமன்ற அட்வகேட்டுகளுக்கானது. சிற்றூர்க் கோர்ட்டுகளின் ப்ளீடர்கள் பழைய 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே நீடித்தார்கள்.

1961: முழு அதிகாரம்

நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அகில இந்திய வழக்கறிஞர் குழு 1953இல் தந்த அறிக்கையின் வழியில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் உருவானது. இன்று புகார் மாநில வழக்கறிஞர் மன்றத்துக்குப் போகிறது. முகாந்திரம் இருப்பதாக மன்றம் கருதினால் மூவர் குழு விசாரிக்கும்: மன்ற உறுப்பினர் இருவர், வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர் ஒருவர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு இடைநீக்கலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். 60 நாட்களுக்குள் இந்திய வழக்கறிஞர் மன்றத்திடமும், அதன்பின் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம்.

தமிழ்நாட்டு வழக்கொன்று இதன் இயக்கத்தைத் துலக்கமாகக் காட்டும். 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு பிராமிசரி நோட்டுகளின் மேல் வழக்குப் போடச் சொல்லி, காது கேளாத முதியவரும் அவர் மனைவியும் ஒரு வழக்கறிஞரை நம்பினார்கள். வழக்குகள் தாக்கலாகவில்லை. மாநிலக் குழு ஆறு ஆண்டு இடைநீக்கியது. இந்திய மன்றம் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், தண்டனையோடு ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவிப் பணியையும் இணைத்தார். சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்று நீதிபதி ஏ.பி. சென் மறுத்தார். தண்டனை திருத்துவதற்கா, தொழிலின் பெயரைக் காப்பதற்கா என்ற விவாதம் அங்கே கூர்மையடைந்தது.

அதிகாரம் யாருடையது?

2016 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதியை மிரட்டுதல், நீதிமன்ற ஆவணங்களைத் திருத்துதல், குடித்துவிட்டு வருதல் முதலியவற்றுக்காக வழக்கறிஞர்களைத் தானே தடைசெய்யும் விதிகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாடெங்கும் போராட்டம் எழுந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை ரத்து செய்து, ஒழுங்கு அதிகாரம் வழக்கறிஞர் மன்றத்துக்கே உரியது என்றது. 2024 மே மாதத்திலோ, வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று தீர்ப்பளித்தது. ஆகவே தொழில் ஒழுக்கக் கேடு பற்றிய புகாருக்கு இந்தக் குழுவின் முக்கியத்துவம் முன்னைவிடக் கூடியிருக்கிறது.

தாமதமும் தூரமும்

புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். முடியாவிட்டால் அது டெல்லியிலுள்ள இந்திய மன்றத்துக்கு மாறும். ஆரணி நெசவாளருக்கு இதன் பொருள் என்ன? மாநில மன்றம் இருக்கும் சென்னைக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வரும் நாளில் தறி ஓடாது, கூலி கிடையாது. அங்கும் தாமதமானால் புகார் இன்னும் தொலைவுக்குப் போகிறது. தாமதத்துக்கான பரிகாரமே பாதிக்கப்பட்டவரைத்தான் வருத்துகிறது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தேக்கத்தைக் கண்டித்து, ஓராண்டுக் கெடுவை வலியுறுத்தியது. அனுபவமுள்ள வழக்கறிஞர்களையும் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்களையும் விசாரணை அலுவலர்களாக்கலாம் என்றும் சொன்னது.

முடிவுரை

1879ஆம் ஆண்டு முறையில் சுதந்திரம் இல்லை. ஆனால் விசாரணை உள்ளூரில் நடந்தது. இன்றைய முறையில் சுதந்திரம் இருக்கிறது. விசாரணை தொலைவில் நடக்கிறது. இரண்டையும் இணைக்க முடியும். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ விசாரணை அலுவலர் அமர்ந்து சாட்சியத்தைப் பதியட்டும். தீர்ப்பை மூவர் குழு சொல்லட்டும். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உள்ளது. அந்தக் கணக்கின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை தமக்குண்டு என்பதை நெசவாளர் அறிய வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் பெரும்பாலான வழக்கறிஞர்களின் நற்பெயரைக் காப்பதும் இந்த விசாரணைதான். நீதிபதிகளிடமிருந்து போராடிப் பெற்ற அதிகாரத்தை வழக்கறிஞர் சமூகம் கட்சிக்காரருக்காகப் பயன்படுத்த வேண்டும். அதுவே அந்த அதிகாரத்துக்கான தகுதி.